முனிரத்தினம் அழுத ஒரு நிமிஷம்

போன செவ்வாய்க்கிழமை சாயந்திரம் சென்னையிலிருந்து ரயிலில் வந்து திருத்தணியில் இறங்கினேன். கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த களைப்பு. டாக்டர் ஊற்றிய சொட்டு மருந்தில் எல்லாமே கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தது. ஸ்டேஷன் வாசலில் முதலில் நின்ற ஆட்டோவில் ஏறி, தெருப் பெயரைச் சொன்னேன்.

டிரைவர் வண்டியைக் கிளப்பவில்லை. திரும்பி என்னையே பார்த்தார்.

"மேடம், நீங்கதான பேப்பர்ல எழுதறவங்க?"

எனக்குக் கொஞ்சம் பெருமைதான். ஏன் மறைக்க வேண்டும்? இந்தப் பத்தியின் தலையில் தபால்தலை அளவுக்கு என் படம் போடுகிறார்கள். அதை வைத்து என்னை அடையாளம் கண்டுபிடிப்பவர்கள் வருஷத்துக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் எங்கள் மளிகைக் கடைக்காரர் — அவர் ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கண்டுபிடிப்பார்.

"ஆமாங்க, நான்தான்."

அவர் கண்ணாடிக்கு மேலே செருகியிருந்த ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். மூன்று வாரத்துக்கு முந்தைய என் பத்தி. நாலாக மடித்து, மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. ஒரு பாராவைச் சுற்றிப் பேனாவில் கோடு போட்டிருந்தார்.

"இதுல ஒரு ஆளப் பத்தி எழுதிகிறீங்களே. மாலையோட வந்து கால்ல வுழுந்து அழுவாரே... அது நான்தான் மேடம்."

முகத்தை உற்றுப் பார்த்தேன். கலங்கலான கண்ணுக்கே தெரிந்துவிட்டது. அதே நீள மூக்கு, அதே பாதி நரைத்த மீசை. எனக்கு வந்ததே ஒரு உற்சாகம்!

"அட, நீங்களா? உங்களால அன்னிக்கு வயிறு வலிக்கச் சிரிச்சேன், தெரியுமா? இருங்க, ஒரு செல்ஃபி எடுத்துக்கறேன்."

கைப்பையில் ஃபோனைத் தேடினேன். அவர் சிரிக்கவில்லை. செல்ஃபிக்கு முகத்தைத் திருப்பவும் இல்லை.

"அது காமெடி இல்ல மேடம்" என்றார்.

*

அந்த வாரம் இந்தப் பத்தியைத் தவறவிட்டவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். படத்தின் பெயர் 'வாசலில் ஒரு பெட்டி'. எடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பத்து வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவர். இன்னொருவர் மருந்து கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைந்தவர். இரண்டு பேரும் யாரிடமும் உதவி இயக்குநராக இருந்ததில்லை. அதனாலேயோ என்னவோ, யாரைப் போலவும் எடுக்கவில்லை.

கதை இவ்வளவுதான். சாவு வீடுகளுக்கு ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடும் வேன் ஒன்று, விடிகிற நேரத்தில் தவறான வீட்டு வாசலில் பெட்டியை இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. அந்த வீட்டில் எண்பது வயதுப் பெரியவர் இருக்கிறார். நன்றாகவே இருக்கிறார். வாசலில் நின்று பல் தேய்க்கிறார். ஆனால் பெட்டியை மட்டும் பார்த்த எதிர்வீட்டுக்காரர், சொந்தபந்தத்துக்கெல்லாம் சேதி சொல்லி ஆள் அனுப்பிவிடுகிறார்.

சேதி போனால் ஜனம் வராமல் இருக்குமா? வருகிறது. மாலையும் கையுமாக வருகிறது. வந்தவர்களிடம் 'நான் சாகவில்லை' என்று சொல்லப் பெரியவருக்குக் கூச்சம். பஸ் மாறி பஸ் பிடித்து வந்திருக்கிறார்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்களே... அவரே நாற்காலி எடுத்துப் போடுகிறார். டீ சொல்லி அனுப்புகிறார். வெயில் ஏற ஏற வந்தவர்கள் லேசாக வாட்சைப் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். தன்னால் எல்லோருக்கும் தாமதம் ஆகிறதே என்று பெரியவருக்கு ஒரே சங்கடம்.

ஒரு இடத்தில்கூட பின்னணி இசை 'இங்கே சிரி' என்று இடுப்பில் கிள்ளாது. கேமரா பாட்டுக்கு ஒரு மூலையில் நின்றுகொண்டிருக்கும், உட்காரச் சொல்ல மறந்துபோன தூரத்துச் சொந்தம் மாதிரி. கதையை அந்த இரண்டு பேரும் யாருக்கும் சொல்ல மாட்டார்களாம். அவரவர் செய்ய வேண்டியதை மட்டும்தான் சொல்வார்களாம். டீ கொண்டுவருகிறவருக்கு டீ மட்டும்தான் தெரியும். 'அதனால்தான் ஒரு முகத்தில்கூட நாம் காமெடி பண்ணுகிறோம் என்ற நினைப்பே இல்லை' என்று அந்த முறையைப் பாராட்டி நான் எழுதியிருந்தேன்.

படத்தின் உச்சம் ஒரு நிமிஷக் காட்சி. நடுவயதுக்காரர் ஒருவர் மாலையோடு உள்ளே வருகிறார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் கால்களைப் பிடித்துக்கொண்டு கதறுகிறார். 'உன் மொபெட்ட நான்தான் கிணத்துல தள்ளினேன்' என்று விக்கி விக்கி ஒப்புக்கொள்கிறார். பெரியவர் பாவம், அங்கேயும் இங்கேயும் பார்த்துவிட்டு, 'சரி வுடு நைனா, நான் நல்லாதான் கீறேன்' என்று அவர் தலையைத் தடவிக் கொடுக்கிறார். அழுகிறவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

தியேட்டரில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர்தான். அந்தப் பத்துப் பதினைந்து பேரும் சிரித்த சிரிப்பில் சீட் ஆடியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. வேறு யார், என் வீட்டுக்காரர்தான்.

"அந்த ஆள் நடிக்கல" என்று என் காதருகே சொன்னார்.

"சும்மா இருங்க" என்றேன் நான்.

வீட்டுக்கு வந்து எழுதினேன்: 'மொபெட்டுக்காக அழும் அந்தப் பெயர் தெரியாத நடிகருக்கே என் ஓட்டு. இந்த வருஷத்தின் மிகச் சிறந்த காமெடி.' வீட்டுக்காரர் சொன்னதை எழுதவில்லை. இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் ஒன்றைச் சொன்னால் கேட்டுத் தொலைத்திருக்க வேண்டாமா நான்?

*

ஆட்டோவை மலையடிவாரத்தில் ஓரமாக நிறுத்திவிட்டு அவர் பேசினார். பெயர் முனிரத்தினம். பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். விவசாயக் குடும்பம், ஒரே மகன், ஒரு தங்கை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் தங்கை கல்யாணம். அன்றைக்கு முனிரத்தினம் குடித்திருந்தார். சம்பந்தி வீட்டாருக்கும் இவருக்கும் பந்தியில் ஏதோ வாய்த்தகராறு. இலை கிழிந்தது, நாற்காலி பறந்தது. அப்பா மண்டபத்தின் நடுவில் நின்று அத்தனை பேர் முன்னிலையில் சொன்னார்: "என் சாவுக்குக்கூட நீ வரக் கூடாது."

"வரமாட்டேன்" என்று இவரும் சொல்லிவிட்டார்.

கோபத்தில் யார்தான் இதைச் சொல்லவில்லை? நம் வீடுகளில் வாரத்துக்கு ஒரு தடவை யாராவது யாரையாவது சாவுக்கு வரக் கூடாது என்கிறார்கள். மறுநாள் 'சாப்டியா' என்று கேட்கிறார்கள். இந்த இரண்டு பேரும் மட்டும் மறுநாள் கேட்கவில்லை. முனிரத்தினம் திருத்தணிக்கு வந்து ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தார். குடியை விட்டார். ஊருக்கு மட்டும் போகவில்லை.

நாலு வருஷம் கழித்து அப்பா இறந்துபோனார். கூடப் படித்த ஒருவர் ஃபோனில் சொன்னார்.

"அப்புறம்?" என்றேன்.

"ஊட்டுல இருந்து சேதி வரல மேடம்."

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்தால் அந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் நேரில் வந்து சேதி சொல்ல வேண்டும். இன்றைக்கு எல்லோர் கையிலும் ஃபோன் இருக்கிறது, இருந்தாலும் சேதி அந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத உறவாக இருந்தால் கேட்கவே வேண்டாம். சேதி வராத சாவுக்குப் போகிறவனை யாரும் வா என்று சொல்ல மாட்டார்கள்.

"ஆனா போனேன் மேடம். ஊர் முனை வரைக்கும் போனேன். பஸ் ஸ்டாப்புல ஆட்டோவ போட்டுகினு உக்காந்துகினு இருந்தேன். மேள சத்தம் கேக்குது. யாரானா வந்து ஒரு வார்த்த கூப்புடுவாங்கன்னு பாத்தேன். நம்ம வண்டிய பாத்தா தெரியாதா இன்னா? பட்டாசு சத்தம் கேட்டுச்சு. எடுத்துட்டாங்கன்னு தெரிஞ்சுகினேன். திரும்பி வந்துட்டேன்."

"கொள்ளி?"

"பெரியப்பா புள்ள வெச்சானாம்."

சொல்லிவிட்டு ஹேண்டில்பாரைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

படத்துக்கு அவர் நடிகராகப் போகவில்லை. பன்னிரண்டு நாள் ஷூட்டிங்குக்கு ஆட்டோ ஓட்டத்தான் போனார். கதை அவருக்கும் தெரியாது, வாசலைத் தாண்டி உள்ளே போனதும் இல்லை. கடைசிக்கு முந்தின நாள், வர வேண்டிய ஆள் வரவில்லை. கல்யாண வீடியோக்காரர் இவரைக் கூப்பிட்டு ஒரு மாலையைக் கையில் கொடுத்தாராம். 'உள்ளே ஒரு சாவுண்ணா. உங்களுக்கு ரொம்ப வேண்டியவர். போய் என்ன செய்வீங்களோ செய்ங்க' என்று மட்டும் சொன்னாராம்.

உள்ளே போனார். நாற்காலியில் ஒரு பெரியவர்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இறந்தவரை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து மாலை போடுவார்கள். முனிரத்தினத்தின் அப்பாவையும் அப்படித்தான் உட்காரவைத்திருந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறார். வெளியூர் ஆளாக இருந்தால், உட்கார்ந்திருப்பவரைப் பார்த்ததும் குழம்பியிருப்பார். இவர் குழம்பவே இல்லை. செத்தவரை உட்கார வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்து, நேராகப் போய்க் காலில் விழுந்துவிட்டார்.

"கால் சூடா இருந்துச்சு மேடம். உசுரோட கீறாருன்னு கைக்குத் தெரிஞ்சு போச்சு. அப்பவும் நிறுத்த முடியல."

நான் ஃபோனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன். செல்ஃபி எடுக்கப் பார்த்த கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. அவ்வளவு கூச்சமாக இருந்தது எனக்கு.

"எடுத்து முடிச்சதும் அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"வீடியோக்காரரு வந்து படியில பக்கத்துல உக்காந்தாரு. தண்ணி குடுத்தாரு. 'இன்னொரு தபா வேணாம்ணா, போதும்'னாரு. அவ்ளோதான்."

ஆக, அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் படத்தில் வைத்திருக்கிறார்கள்.

*

சரி, இதெல்லாம் முடிந்துபோன கதை. இப்போது அவருக்கு என்னிடம் என்ன வேண்டும்?

நான் எழுதிய வாரத்திலிருந்து அந்த ஒரு நிமிஷத்தை யாரோ வெட்டி ஃபோன் ஃபோனாக அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். கீழே யாரோ நாலு பேர் சிரிக்கிற சத்தத்தைச் சேர்த்திருக்கிறார்கள். மேலே ஒரு வரி: 'இந்த வருஷத்தின் மிகச் சிறந்த காமெடி'. என் வரிதான். கமா, புள்ளி மாறாமல் அப்படியே போட்டிருந்தார்கள். என் எழுத்து இவ்வளவு தூரம் போகும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

அது அவர் ஊருக்கும் போயிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அவருடைய அம்மாவிடமே காட்டியிருக்கிறாள்.

"அப்பன் சாவுக்கு வராதவன், கூலிக்கு எவன் காலையோ புடிச்சுகினு அழுவறான், ஊரே சிரிக்குதுன்னு அம்மா சொன்னாங்களாம். அதோட வுடல மேடம். இப்பதான் எங்கூட ஃபோன்ல பேசற தங்கச்சிகிட்ட சொல்லிகிறாங்க... எனக்கு ஏதானா ஆச்சுன்னா, அவனுக்கு சேதி போவக் கூடாதுன்னு."

அந்தக் காகிதத்தை மறுபடி நாலாக மடித்தார்.

"ஒரு தபா ஊர் முனையில உக்காந்தது போதும் மேடம். நீங்க எழுதினதத்தான் எல்லாரும் போட்டுகினு கீறாங்க. நீங்களே வந்து எங்கம்மாகிட்ட சொல்லுங்க, அது காமெடி இல்லன்னு."

இந்த ஊரில் முப்பது வருஷமாக எழுதுகிறேன். இப்படி ஒரு மறுப்பு வெளியிடச் சொல்லி யாரும் என்னிடம் கேட்டதில்லை. மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினேன். செருப்பு மாட்டும்போது வீட்டுக்காரர் சொன்னார்: "அங்க போய் சினிமா விமர்சனம் பண்ணிகினு உக்காராத." அந்த வாரத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

பள்ளிப்பட்டு ரோட்டில் இரண்டு பக்கமும் கரும்பு. ஊர் முனையில் பஸ் ஸ்டாப் வந்தது. ஆட்டோ தானாக வேகம் குறைந்து, நிற்கப் போகிற மாதிரி ஆகி, பிறகு உள்ளே திரும்பியது.

அம்மா நடுக்கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாம்மா, உக்காரு" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். செம்பில் தண்ணீர் கொடுத்தார். எனக்குப் பின்னால் நிலைப்படியில் ஒரு ஆள் நிற்பதே அவர் கண்ணில் படவில்லை. ஏழு வருஷம் கழித்து வந்த மகன்... அந்தப் பக்கம் பார்வை போகவே இல்லை.

வருகிற வழியெல்லாம் நான் வசனம் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். அத்தனையும் மறந்துபோனது.

"அம்மா, நான் பேப்பர்ல எழுதறவ. உங்க பையன் அழுததைக் காமெடின்னு எழுதினது நான்தான். தப்பா எழுதிட்டேன். அவர் நடிக்கலம்மா."

"ஊரே சிரிக்குதே."

"நானும் சிரிச்சேன். தெரியாம சிரிச்சேன்."

அவர் ஒரு கடலையை உரித்து முறத்தில் போட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. படம் இப்போது ஃபோனிலேயே வந்துவிட்டது. வெட்டாத, சிரிப்புச் சத்தம் சேர்க்காத காட்சியைக் காட்டுகிறேன் என்று ஃபோனை எடுத்தேன். அம்மா மறுப்பும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

மாலையோடு முனிரத்தினம் உள்ளே வந்தார். காலில் விழுந்தார். முகத்தை நிமிர்த்தி வாயைத் திறந்தார்... அங்கேயே நின்றுவிட்டது. அந்த ஊரில் சிக்னல் ஒரு கோடுதான். திரையின் நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. வாயைத் திறந்தபடி, கண்ணீரும் மூக்குமாக அவர் முகம் அப்படியே உறைந்து நின்றது. நான் ஃபோனை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். கதவுப் பக்கம் நீட்டினேன். ஏதேதோ தட்டினேன். இதையே அந்த இரண்டு இயக்குநர்களும் எடுத்திருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அம்மா உறைந்த அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அசல் முகம் நிலைப்படியில் நின்று, திரும்பி வெளியே கரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு படம் ஓடியது.

மொபெட் வந்ததும் அம்மாவின் கை நின்றது.

"இன்னா சொன்னான்? மறுபடி போடு."

போட்டேன்.

"மொபெட்டா? கிணத்துலயா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா முறத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"அந்த வண்டி திருட்டுப் போச்சுன்னுதான் ஊரெல்லாம் தேடினோம். இவன் அப்போ ஏழாவது படிச்சுகினு இருந்தான். மறு கோடையில கிணறு தூர் வாரினப்போ அவரு மட்டும்தான் எறங்கினாரு. ஒரு கூலியாள எறங்க வுடல. ஏன்யா உனக்கு இந்த வேலன்னு கேட்டதுக்குப் பதிலே சொல்லல." ஃபோனை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "அப்போ அவருக்குத் தெரிஞ்சிருக்குது" என்றார்.

தியேட்டரே அதிரச் சிரித்தது அந்த மொபெட்டுக்குத்தான். எந்த வசனகர்த்தாவும் எழுதித் தர முடியாத வரி, அப்பாவுக்கும் பிள்ளைக்கும் மட்டுமே தெரிந்த வரி. நான் எவ்வளவு சொல்லியும் நம்பாத அம்மா அதைக் கேட்டுத்தான் நம்பினார். அவர் உதடு லேசாக ஒரு பக்கம் கோணியது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அதை அவர் முந்தானையால் துடைத்துவிட்டார்.

"யாரு இந்தப் பெரியவரு?"

"நடிகர்மா. சித்தூர் பக்கம் நாடகத்துல இருந்தவராம்."

"உசுரோட கீறாரா?"

"இருக்காரும்மா."

"அவரு தலைய தடவிக் குடுக்கறாரு. இவங்கப்பன் கடைசி ரெண்டு நாளு வாசலையே பாத்துகினு இருந்தாரு. சேதி அனுப்பட்டான்னு கேட்டேன். பெத்த அப்பன் கெடக்கறேன், அவனுக்கு சேதி வேற அனுப்பணுமா, தானா வருவான்னாரு."

நிலைப்படியில் ஒரு அசைவு. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

ஊர் முனையில் ஒருவர், யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்திருக்கிறார். அதற்கு முந்தின இரண்டு நாளும் வீட்டுக்குள் ஒருவர், கூப்பிடாமலே வருவான் என்று காத்திருந்திருக்கிறார். நடுவில் அரை கிலோமீட்டர்தான். நடந்தால் பத்து நிமிஷம்.

அம்மா என்னைப் பார்த்தே பேசினார். அவரிடம் நேராகப் பேசவில்லை.

"அழுதது நெசந்தான்னு தெரிஞ்சு போச்சும்மா. ஆனா யாரோ ஒருத்தர் காலப் புடிச்சுகினு சொன்னான் பாரு, அத என்கிட்ட ஒரு தபா சொல்லச் சொல்லு. சொன்னான்னா, எனக்கு ஏதானா ஆச்சுன்னா அவனுக்கு சேதி போவும்."

முனிரத்தினம் உள்ளே ஒரு அடி வைத்தார். தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார், சற்று முன்னால் ஃபோனில் நின்றதே, அதே மாதிரி. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று தெரியவில்லை. எனக்கு அது ரொம்ப நேரமாகத் தெரிந்தது.

"கிணத்து மோட்டாரு ஓடலன்னு தங்கச்சி சொல்லுச்சு..." என்றார். "பாத்துட்டு வரேன்."

கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

அம்மா அவர் போன வழியைப் பார்க்கவில்லை. முறத்தை மறுபடி மடியருகே இழுத்துக்கொண்டார். போகாதே என்று சொல்லவில்லை, அதுவே பெரிய விஷயம் என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். முக்கால் மணி நேரம் கழித்து மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. கை நிறைய கிரீஸோடு அவர் வாசலுக்கு வந்தபோது, அம்மா ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே வந்துவிட்டார்.

*

திரும்பி வரும் வழியில் முனிரத்தினம்தான் முதலில் பேசினார்.

"மேடம், ஒரு ஒதவி. நான் அன்னிக்கு இன்னா சொன்னேன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுக்கறீங்களா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"மொபெட்டு சொன்னது தெரியும். மீதி ஒண்ணுமே நெனப்பு இல்ல மேடம். படத்துல பாக்கலாம்னா, அந்த எடம் வந்தா கண்ண மூடிக்கிறேன். எழுதிக் குடுத்தீங்கன்னா படிச்சு வெச்சுக்குவேன். அப்புறம் போய் சொல்லிடுவேன்."

திங்கள்கிழமை மத்தியானம் படத்தை நிறுத்தி நிறுத்தி, வரி வரியாக எழுதினேன். எங்கள் பக்கம் அப்பாவையும் நைனா என்பார்கள், பிள்ளையையும் நைனா என்பார்கள். 'நைனா, வந்துட்டேன். லேட்டாயிடுச்சு, கோச்சுக்காத. உன் மொபெட்ட நான்தான் கிணத்துல தள்ளினேன். உனக்குத் தெரியும். தெரிஞ்சும் நீ அடிக்கலயே நைனா. இப்ப எழுந்து அடி. எழுந்து ஒரு அடி அடிச்சுட்டுப் போ.' இந்த இடத்தில் பெரியவர் உண்மையாகவே எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று பாதி எழுந்து, மறுபடி உட்காருகிறார். நான் சிரித்துவிட்டேன். எல்லாம் தெரிந்த பிறகும் சிரித்துவிட்டேன். எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

சிரித்தது தப்பா? அந்த இரண்டு பேரும் இதைப் படத்தில் வைத்ததுதான் தப்பா? ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவர்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஒரு மனிதனின் துக்கத்தை எடுத்து எங்களைச் சிரிக்க வைத்துவிட்டார்களே என்று. வெட்டி எறிந்திருந்தால் அந்த அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் மொபெட் விஷயம் தெரிந்திருக்காதே என்று இப்போது தோன்றுகிறது. நான் எழுதியதில் ஒரு வார்த்தையை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். அவர் 'நடிகர்' இல்லை. படம் நல்ல படம் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இல்லை. போய்ப் பாருங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், ஆனால் பக்கத்து சீட்டில் ஒருவர் சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்டுவிடுங்கள்.

நேற்று ஸ்டேஷன் வாசலில் அந்தத் தாளை அவரிடம் கொடுத்தேன். மூன்று தடவை படித்தார். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். ரயில் வந்தது, சவாரிகள் வந்தார்கள், வேறு ஆட்டோக்களில் ஏறிப் போனார்கள். அவர் கவனிக்கவே இல்லை.

"கோச்சுக்காத வரைக்கும் வருது மேடம்" என்றார். "அதுக்கு மேல தொண்ட அடைச்சுக்குது. இன்னும் ரெண்டு வாரம் போவட்டும். நல்லா மனப்பாடம் ஆனதும் போறேன்."

முனிரத்தினம், இந்தப் பத்தியையும் நீங்கள் வெட்டி வைப்பீர்கள் என்று தெரியும். ரெண்டு வாரமெல்லாம் வேண்டாம், கோச்சுக்காத வரைக்கும் சொன்னால் போதும்... அம்மாவுக்கு எழுபத்தாறு வயசு.